சிலுவையும் கழுவும்: அரோரா மார்டிகானியனின் வாழ்வும் ஒரே படமும்

கலை யாருக்காக என்னும் வினா நம்மிடையே நெடுங்காலமாக விவாதிக்கப்பட்டு வருவதொன்று. அதனோடு சேர்த்து எழுப்பப்பட வேண்டிய வேறொரு வினாவும் உண்டு. கலைக்குப் பொருளாக அமையும் துன்பம் யாருக்கு உரியது? அதை அனுபவித்தவருக்கா, அதை எழுதிக் கொடுப்பவருக்கா, படமாக்கி விற்பவருக்கா, நுழைவுச்சீட்டு வாங்கிப் பார்த்துக் கண்ணீர் வடிப்பவருக்கா? இவ்வினாவைத் தத்துவ அளவில் மட்டும் வைத்துப் பேசுவதால் பெரும்பயன் விளையப் போவதில்லை. சினிமா வரலாற்றிலே இதற்குக் கண்கூடான உதாரணமாக ஒரு பெண்ணின் வாழ்வு இருக்கிறது. ஆர்மேனிய அமெரிக்கரான அரோரா மார்டிகானியனின் வாழ்வே அது.

அவரை நடிகை என்று அழைப்பதா என்பதே முதற் சிக்கல். தம் வாழ்நாளில் அவர் நடித்தது ஒரேயொரு படம். அப்படத்திலே அவர் ஏற்ற பாத்திரமும் அவரேதான். பிறர் வாழ்வைத் தம் உடலிலும் குரலிலும் ஏற்றுக் காட்டுவதை நாம் நடிப்பு என்கிறோம். இப்பெண்ணுக்கோ, அவர் உயிரோடு தப்பி வந்த வாழ்வே மூன்றாண்டுகளின் பின் பாத்திரமாக மீண்டும் கையில் கொடுக்கப்பட்டது. நடிகையின் திறனை அளக்கும் வழக்கமான அளவுகோல்கள் இங்கே உதவா. அளக்கப்பட வேண்டியவர்கள் அப்பாத்திரத்தை அவரிடம் கொடுத்தவர்களே.

அவரது இயற்பெயர் அர்ஷாலுய்ஸ் மார்டிகியன். 1901ஆம் ஆண்டு ஒட்டோமன் பேரரசின் கிழக்கு மாகாணமொன்றில், சிமிஷ்காட்சாக் என்னும் ஊரில், வசதியான குடும்பமொன்றிலே பிறந்தார். 1913இல் அரசைக் கைப்பற்றி முழு அதிகாரத்துடன் ஆண்டுவந்த 'ஒற்றுமை, முன்னேற்றச் சங்கம்' என்னும் இளந்துருக்கியர் கட்சி, உலகப் போரின் திரை மறைவிலே ஆர்மேனியரை அடியோடு அகற்றும் திட்டத்தில் இறங்கியது. 1915 ஏப்ரல் 24ஆம் திகதி கொன்ஸ்தாந்திநோபிளில் ஆர்மேனிய எழுத்தாளர், ஆசிரியர், மருத்துவர், பத்திரிகையாளர் எனப் பல நூற்றுவர் கைது செய்யப்பட்டனர். ஒரு சமூகத்தை அழிக்கத் துணிந்தவர்கள் முதலிலே எழுத்தறிந்தவர்களைத் தேடிச் சென்றமை ஆசிரியர்களாகிய நாம் மறக்கக்கூடாத செய்தி. பின்னர் ஊர் ஊராக ஆண்கள் கொல்லப்பட்டனர். பெண்களும் குழந்தைகளும் முதியோரும் சிரியப் பாலைவனத்தை நோக்கி நடத்திச் செல்லப்பட்டனர். பட்டினியாலும் நோயாலும் கொலையாலும் மாண்டவர் பத்து இலட்சத்துக்கு மேற்பட்டோர் என்பது பெரும்பாலான வரலாற்றாசிரியரின் கணிப்பு.

அர்ஷாலுய்ஸ் அப்போது பதினான்கு வயதுச் சிறுமி. தம் குடும்பத்தாரை இழந்து, கடத்தப்பட்டு, அடிமையாக விற்கப்பட்டு, தப்பியோடி, ரஷ்யப் படைகளின் வசமிருந்த எர்ஸுரூம் நகரை அடைந்தார். அங்கிருந்து திப்லிஸ், பீற்றர்ஸ்பேர்க், ஒஸ்லோ வழியாக 1917இன் பிற்பகுதியில் நியூயோர்க் வந்து சேர்ந்தார். அமெரிக்காவில் இருப்பதாக நம்பிய தமையனைக் கண்டுபிடிப்பதே அவரது நோக்கம். அதற்காகப் பத்திரிகைகளில் விளம்பரம் வெளியாயிற்று. தமையன் கிடைக்கவில்லை. பத்திரிகைக்காரர்கள் கிடைத்தார்கள்.

அவர்களுள் திரைக்கதை எழுத்தாளரான ஹென்றி லேஃபோர்ட் கேற்ஸ் என்பவரும் அவரது மனைவியும் சட்டப்படி இச்சிறுமியின் பாதுகாவலராயினர். அவர் ஆர்மேனிய மொழியிற் சொன்னதை மொழிபெயர்ப்பாளர் ஒருவர் ஆங்கிலமாக்க, கேற்ஸ் அதனை எழுதினார். 1918இல் அது நூலாயிற்று. பெயரும் மொழிபெயர்க்கப்பட்டது. அர்ஷாலுய்ஸ் என்றால் ஆர்மேனிய மொழியில் வைகறை. அதற்கு நேரான இலத்தீன் சொல்லாகிய அரோரா என்பதே அன்றுமுதல் அவர் பெயர். நூலின் தலைப்பாக வைக்கப்பட்ட ஆங்கிலச் சொல்லுக்குச் சூறையாடப்பட்டது என்றும், மானபங்கப்படுத்தப்பட்டது என்றும் இரு பொருள் கொள்ளலாம். ஒரு நாட்டின் அழிவை ஒரு பெண்ணுடலின் அழிவாகக் காட்டி வாசகனை இழுக்கும் உத்தி அத்தலைப்பிலேயே தொடங்கிவிடுகிறது.

நூலைத் தொடர்ந்து படம். தயாரித்தவர் கேணல் வில்லியம் செலிக். நெறிப்படுத்தியவர் ஒஸ்கார் அப்பெல். லொஸ் ஏஞ்செல்ஸ் நகரின் சுற்றுப்புறங்களில் 1918இல் படப்பிடிப்பு நடந்தது. அரோராவுக்குக் கொடுக்கப்பட்ட ஊதியம் வாரத்துக்கு 15 டொலர். ஆங்கிலம் சரிவரத் தெரியாத, உறவினர் எவருமற்ற பதினேழு வயதுப் பெண்ணொருத்தியிடம் கையொப்பம் வாங்குவது எத்துணை எளிது என்பதை விளக்கத் தேவையில்லை. பாதுகாவலரே நூலின் எழுத்தாளராகவும் படத்தின் பங்காளராகவும் இருந்தபோது, அப்பெண்ணுக்காகப் பேரம்பேச எவருமே இருக்கவில்லை.

படப்பிடிப்பின் முதல் நாட்களைப் பற்றி அவர் முதுமையிலே சொன்ன செய்தியொன்று எந்த நடிப்புக் கோட்பாட்டு நூலிலும் இடம்பெற வேண்டியது. துருக்கித் தொப்பியணிந்த நடிகர் கூட்டத்தைக் கண்டதும், தம்மை ஏமாற்றி மீண்டும் கொலைஞரிடமே கொடுத்துவிட்டார்கள் என்று அவர் எண்ணி அலறினாராம். அவர்கள் அமெரிக்கர், வேடமிட்டவர் என்று விளக்கித் தேற்ற வேண்டியதாயிற்று. பார்ப்போனுக்கு வேடமாகத் தெரிவது, அனுபவித்தவளுக்கு வேடமாகத் தெரியவில்லை. தென் கலிபோர்னியாவிலே குடியேறியிருந்த ஆர்மேனியர் பலரும் கூட்டக் காட்சிகளில் நடித்தனர். தம் இனத்தின் மரண ஊர்வலத்தைத் தாமே மீண்டும் நடந்து காட்டிய அம்மக்களின் மனநிலையைப் பற்றி அந்நாளைய விளம்பரங்கள் அக்கறை கொள்ளவில்லை.

ஒரு காட்சியில் கூரையொன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தாவுகையில் அரோரா கீழே விழுந்து கணுக்கால் முறிந்தது. படப்பிடிப்பு நிறுத்தப்படவில்லை. அவரைத் தூக்கிக்கொண்டுவந்து இருத்திப் படம்பிடித்தார்கள். காலிலே கட்டப்பட்ட துணி திரையிலும் தெரிந்தது. பார்வையாளர் அதனைத் துருக்கியர் இழைத்த காயமென்றே கொண்டனர். இந்த ஒரு செய்தியிலே அப்படத்தின் பொருளாதாரம் முழுவதும் அடங்கியிருக்கிறது. ஹொலிவுட் தன் தொழிலாளிக்கு உண்டாக்கிய காயம், ஹொலிவுட் விற்ற காயத்தின் கணக்கிலே சேர்ந்துவிட்டது.

1919 பெப்ரவரி 16ஆம் திகதி நியூயோர்க் பிளாசா ஹோட்டலில், செல்வச் சீமாட்டிகளின் ஆதரவில், பத்து டொலர் நுழைவுச்சீட்டுடன் படம் காட்டப்பட்டது. ஆர்மேனிய, சிரிய அகதிகளுக்கெனப் பணம் திரட்டிய அமெரிக்க நிவாரணக் குழு, தனது மூன்று கோடி டொலர் நிதித்திட்டத்துக்கு இப்படத்தைப் பயன்படுத்தியது. 'ஆன்மாக்களின் ஏலம்' என்னும் மறுபெயரோடும் அது பல நகரங்களுக்குச் சென்றது. பத்திரிகை விளம்பரங்களோ ஏலத்தையும் அந்தப்புரத்தையும் பெண்களின் நிர்வாணத்தையுமே முன்னிறுத்தின. அனாதைப் பிள்ளைக்கு அன்னமிடு என்ற அழைப்பும், அடிமைச்சந்தையிலே அழகியரைப் பார்க்க வா என்ற அழைப்பும் ஒரே சுவரொட்டியில் அருகருகே நின்றன.

இனி, படத்தின் மையக் காட்சிக்கு வருவோம். இப்படத்தின் முழுப் பிரதி இன்று இல்லை. ஏறத்தாழ இருபது நிமிடத் துண்டுகளும் சில நிழற்படங்களுமே எஞ்சியுள்ளன. எஞ்சியவற்றுள் உலகமெங்கும் மீண்டும் மீண்டும் அச்சிடப்பட்ட காட்சி ஒன்றுண்டு. வெட்டவெளியில் வரிசையாக நாட்டப்பட்ட உயர்ந்த சிலுவைகள். ஒவ்வொன்றிலும் நீண்ட கூந்தல் உடலை மறைக்கத் தொங்கும் இளம்பெண். ஐரோப்பியத் தேவாலய ஓவியம்போல ஒழுங்கும் அமைதியும் கொண்ட காட்சி அது.

இக்காட்சி உண்மையன்று. அரோராவே தம் முதுமையில், சினிமா வரலாற்றாசிரியர் அந்தனி ஸ்லைட் என்பவரிடம் அதனை மறுத்தார். கொலைஞர் உயர்ந்த சிலுவைகளைச் செய்துகொண்டிருக்கவில்லை. கூர் சீவிய மரங்களை நிலத்தில் நட்டு, மானபங்கப்படுத்திய பெண்களை அவற்றின்மேல் ஏற்றிக் கொன்றனர். அமெரிக்கரால் அத்தகைய கோரத்தைக் காட்ட முடியாது, அதனால் நாகரிகமாக மாற்றிவிட்டனர் என்பது அவர் தந்த விளக்கம்.

தமிழிலே இக்கொலைக்குத் தனிச்சொல் உண்டு. கழுவேற்றம் என்பது அது. சிலுவை வேறு, கழு வேறு என்பதை நமக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை. சிலுவை என்றதும் உயிர்த்தெழுதலும் மீட்பும் உடன் நினைவுக்கு வருகின்றன. கழுவுக்கு அவ்வித மறுபக்கம் எதுவுமில்லை. சிலுவையில் அறையப்பட்டவர் தியாகி. அவர் மரணத்துக்கு ஒரு பொருள் இருக்கிறது. பார்ப்பவன் முழந்தாளிட்டு அழுதுவிட்டு ஆறுதலோடு வீடு திரும்பலாம். கழுவிலே ஏற்றப்பட்ட பெண்ணின் மரணம் எந்தப் பொருளையும் தன்னுள் கொண்டிருக்கவில்லை. அது பெண்ணுடல்மீது அதிகாரம் நடத்திய குற்றம். பார்ப்பவனிடம் அது விசாரணையைக் கோருகிறது.

எனவே, படம் செய்த மாற்றத்தைக் கண்ணியத்தின் பொருட்டுச் செய்யப்பட்ட மறைப்பு என்று மட்டும் கொள்ளலாகாது. கோரத்தைத் திரையிற் காட்டாது விடுதல் தவறன்று. பல நல்ல கலைஞர்கள் காட்டாமலேயே உணர்த்தியிருக்கிறார்கள். இங்கே நிகழ்ந்ததோ மறைப்பன்று, பதிலீடு. நிகழ்ந்த ஒன்றை அகற்றி, அவ்விடத்தில் அமெரிக்கத் தேவாலயப் பார்வையாளர் தம் ஞாயிற்றுக்கிழமை வழிபாட்டில் ஏற்கெனவே அறிந்திருந்த உருவமொன்றை வைத்தார்கள். சாட்சியின் சொல் மொழிபெயர்ப்பாளர், எழுத்தாளர், நெறியாளர் எனக் கைமாறி வந்து, இறுதியிலே நன்கொடையாளரின் கற்பனைக்கு ஏற்ற அளவில் தைக்கப்பட்டது. நூலின் பாத்திரமாகிய ஆங்கில ஆசிரியை, திரையிலே அனா கியூ. நில்சன் என்னும் புகழ்பெற்ற நட்சத்திரத்திடம் ஒப்படைக்கப்பட்டதற்கும் இதுவே காரணம். அந்நியரின் துன்பத்தினூடே கைப்பிடித்து அழைத்துச் செல்லத் தம் சாயலுள்ள ஒருத்தி பார்வையாளருக்குத் தேவைப்பட்டாள்.

நமது விமர்சன மரபிலே யதார்த்தவாதத்துக்கும் இயற்பண்புவாதத்துக்கும் உள்ள வேறுபாடு அடிக்கடி பேசப்படுகிறது. புறத்தோற்றத்தை நுணுக்கமாகப் பிரதிபலிப்பது இயற்பண்புவாதம். அத்தோற்றத்துக்கு அடியிலே இயங்கும் சமூக உறவுகளைக் காண்பது யதார்த்தவாதம். தப்பி வந்த பெண்ணையே நடிக்கவைத்தமையால் தம் படம் முழு உண்மை என்று தயாரிப்பாளர் பறைசாற்றினர்.

ஆயின், கொலையின் காரணத்தைப் பற்றி அப்படம் சொல்வது என்ன? எஞ்சிய துண்டுகளிலிருந்தும் நூலிலிருந்தும் நாம் அறிவது, துருக்கியனின் காமமும் கொடூரமுமே அனைத்துக்கும் காரணம் என்ற விளக்கமே. கட்சியொன்று அரசைக் கைப்பற்றியமை, அது வகுத்த திட்டம், தந்திமூலம் சென்ற கட்டளைகள், பறித்த நிலமும் வீடும் எவரிடம் சென்றன என்பன பின்தள்ளப்பட்டன. அரசின் குற்றம் இனத்தின் இயல்பாக மாற்றப்பட்டது.

வரலாறு இதற்கு அதே ஆண்டிலேயே மறுமொழி தந்தது. படம் வெளியான 1919இல், கொன்ஸ்தாந்திநோபிளில் ஒட்டோமன் இராணுவ நீதிமன்றம் கொலைத்திட்டத்தின் சூத்திரதாரிகளை விசாரித்து, தப்பியோடியிருந்த தலாத், என்வர் முதலியோருக்கு மரணதண்டனை விதித்தது. நீதிமன்றம் மனிதரைப் பெயர் சொல்லிக் குற்றஞ்சாட்டியது. திரைப்படம் ஓர் இனத்தையே குற்றவாளியாக்கியது. நாடுகடத்தல் கட்டளைக்கு இணங்க மறுத்துப் பதவி இழந்த மெஹ்மெட் ஜெலால் போன்ற துருக்கிய ஆளுநர்களும், தேர்சிம் மலைநாட்டிலே ஆர்மேனியரை ஒளித்துக் காத்த குர்தியரும் இருந்தனர் என்ற உண்மைக்கு அத்தகைய படத்தில் இடம் கிடையாது. கொலைஞரை இயல்பிலேயே கொலைஞராகக் காட்டுபவர், தம்மை அறியாமலே அவர்களைப் பொறுப்பிலிருந்து விடுவிக்கிறார். புலியை எவரும் நீதிமன்றத்தில் நிறுத்துவதில்லை.

இரக்கத்தையே மூலதனமாகக் கொண்ட இக்கலை எங்கே போய் முடிந்தது என்பதையும் நோக்குதல் வேண்டும். பிரித்தானியாவில் இப்படம் தணிக்கைச் சிக்கலுக்கு உள்ளாயிற்று. தம் பேரரசின் முஸ்லிம் குடிகளிடையே கொந்தளிப்பு எழுமோ என்று ஆட்சியாளர் அஞ்சினர். வெட்டுக்களுடன் அது 1920இல் இலண்டன் ரோயல் அல்பேர்ட் மண்டபத்திலே காட்டப்பட்டது. அமெரிக்காவில் மக்கள் கண்ணீர் வடித்தனர். ஆனால் 1920 யூன் மாதம் அந்நாட்டு செனற் சபை ஆர்மேனியாவின் பாதுகாப்புப் பொறுப்பை ஏற்க மறுத்தது. 1923இல் வல்லரசுகள் ஒப்பமிட்ட லோசான் உடன்படிக்கையில் ஆர்மேனியா என்ற பெயரே இடம்பெறவில்லை. 1930களின் நடுப்பகுதியிலே, ஃபிரான்ஸ் வேர்ஃபெல் எழுதிய ஆர்மேனிய எதிர்ப்புப் போராட்ட நாவலைப் படமாக்க முனைந்த மெட்ரோ கோல்ட்வின் மேயர் நிறுவனம், துருக்கிய அரசின் எதிர்ப்பினால் அம்முயற்சியைக் கைவிட்டது. 1919இல் ஆர்மேனியரின் துன்பத்தை விற்று இலாபமீட்டிய அதே தொழிற்றுறைக்கு, சந்தை நிலை மாறியதும் அத்துன்பத்தைப் பற்றிய மௌனமே இலாபகரமாயிற்று. அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ஒருவர் ஆண்டுதோறும் வெளியிடப்படும் ஏப்ரல் 24 நினைவுநாள் அறிக்கையில் இனப்படுகொலை என்ற சொல்லைக் கையாள 2021 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இவ்விடத்தில் நியாயமான மறுப்பொன்று எழக்கூடும். அப்படம் திரட்ட உதவிய பணம் குழந்தைகளின் பசியைத் தீர்க்கவில்லையா? தீர்த்தது. அண்மைக் கிழக்கு நிவாரண அமைப்பு 1915 முதல் 1930 வரை திரட்டிய தொகை 11 கோடியே 60 இலட்சம் டொலர். அது பராமரித்த அனாதைகள் ஏறத்தாழ 1,32,000 பேர். உயிர்காத்த இப்பணியை ஏளனம் செய்யும் முற்போக்கு எதுவும் முற்போக்காகாது. தம் மக்களுக்கு உதவி கிடைக்கும் என்ற நம்பிக்கையே அரோராவையும் பேசத் தூண்டியது. அவர் வெறும் பொம்மையாக இருந்தாரல்லர். சொல்ல வேண்டுமென்று சொன்னவர். ஆகவே, அப்படம் எடுக்கப்பட்டிருக்கக் கூடாது என்பது நம் தீர்ப்பன்று. உண்மையைச் சொல்லியிருந்தால் பணம் வந்திராது என்ற எடுகோளைத்தான் நாம் ஏற்க மறுக்கிறோம். பசித்த குழந்தைக்கு உதவ மனம் உள்ளவர், கழுவைச் சிலுவையாக்கிக் காட்டினால்தான் உதவுவார் என்பது அம்மக்களையும் இழிவுபடுத்தும் எண்ணமாகும். அன்றியும், எவருடைய துன்பத்தால் நிதி திரண்டதோ அவருக்கே உரிய பங்கு மறுக்கப்பட்டதை எந்தத் தருமமும் நியாயப்படுத்தாது.

ஏனெனில், அரோராவின் கதை படத்தோடு முடியவில்லை. ஊர் ஊராகச் சென்று ஒவ்வொரு காட்சியின்போதும் மேடையில் தோன்றுமாறு அவர் பணிக்கப்பட்டார். முறிந்த காலோடும் முறிந்த மனத்தோடும் சில காலம் சென்றார். 1920இல் உடலும் உள்ளமும் தளர்ந்து வீழ்ந்தார். பாதுகாவலர் அவரைக் கன்னியர் மடப் பள்ளியொன்றுக்கு அனுப்பினர். அங்கிருந்தும் அவர் ஓடிப்போனார். படமோ நிற்கவில்லை. அவரைப்போல் தோற்றமளித்த ஏழு பெண்கள் அமர்த்தப்பட்டு, அரோரா மார்டிகானியன் என்ற பெயரில் மேடையேற்றப்பட்டனர்.

தொழிலாளியின் உழைப்பின் பயன் அவனிடமிருந்து பிரிக்கப்பட்டு, அந்நியப் பொருளாகச் சந்தையிலே அவன் முன் வந்து நிற்கிறது என்று மார்க்ஸ் விளக்கினார். இங்கே பிரிக்கப்பட்டது ஒரு பெண்ணின் துயரம். சொல்லியழ ஒரு தாயோ தந்தையோ இல்லாத பெண்ணிடம் எஞ்சியிருந்த ஒரே உடைமை அவள் நினைவு. அதுவும் அவளின்றியே இயங்கும் சரக்காயிற்று. நடிகைக்குப் பதிலாள் இருக்கலாம். சாட்சிக்குப் பதிலாள் உண்டோ? நீதிமன்றத்தில் ஆள்மாறாட்டம் குற்றம். கொட்டகையில் அது விளம்பர உத்தி என்றாயிற்று. தமக்குரிய பணத்துக்காக அரோரா தம் பாதுகாவலர்மீது வழக்குத் தொடுக்கவும் நேர்ந்தது.

அதன்பின் அவர் மணம்புரிந்து, புகழ்வெளிச்சத்துக்குப் புறம்பே நெடுங்காலம் வாழ்ந்தார். 1980களில்தான், ஆய்வாளர் சிலர் ஒலி, ஒளிப்பதிவுக் கருவிகளோடு அவரைத் தேடிச் சென்று, இடையீட்டாளரின்றி அவர் சொல்வதைப் பதிவுசெய்தனர். சிலுவைகளைப் பற்றிய அந்த மறுப்பும் அக்காலத்திலேயே நமக்குக் கிடைத்தது. எழுபது ஆண்டுகள் அவர் அதைச் சுமந்திருந்தார் என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும். 1994 பெப்ரவரியில் லொஸ் ஏஞ்செல்ஸ் நகரில் தமது 93ஆம் வயதிலே காலமானார். அவரது அஸ்திக்கு உரிமை கோரி எவரும் வரவில்லை. பெயரற்ற பலரோடு சேர்த்துப் பொதுக்குழியொன்றிலே அது புதைக்கப்பட்டது. பின்னர், 2015இல் நிறுவப்பட்ட அனைத்துலக மனிதநேய விருதொன்றுக்கு அவர் பெயர் சூட்டப்பட்டது.

கலைவழியில் அவருக்கு ஓரளவு நியாயம் செய்த முயற்சியாக, ஆர்மேனிய நெறியாளர் இன்னா சஹாக்கியன் 2022இல் ஆக்கிய 'அரோராவின் உதயம்' என்னும் படத்தைக் குறிப்பிட வேண்டும். அசைவோவியக் காட்சிகள், 1919ஆம் ஆண்டுப் படத்தின் எஞ்சிய துண்டுகள், முதிய அரோராவின் பதிவு செய்யப்பட்ட பேச்சு ஆகிய மூன்றையும் அது ஒருங்கே இணைக்கிறது. அசைவோவியம் தன்னை உண்மை என்று சொல்லி ஏமாற்றுவதில்லை. வரையப்பட்டதென்பது பார்த்தவுடனே தெரிகிறது. அந்த வரைந்த உருவத்தின் அருகிலேயே சுருக்கம் விழுந்த முகத்தோடு அவர் அமர்ந்து பேசுகிறார். சாட்சியின் குரலுக்கு முதலிடம் கொடுத்து, கற்பனையை அதற்குத் துணையாக நிறுத்தும் இவ்வொழுங்கு, அப்பெல்லும் செலிக்கும் கைக்கொண்ட ஒழுங்குக்கு நேர்மாறானது. ஹொலிவுட்டின் பழைய துண்டுகளும் இங்கே தம் பழைய வேலையைச் செய்யவில்லை. ஒரு பெண்ணின் நினைவை அவர்கள் எவ்வாறு மாற்றினார்கள் என்பதற்கு அவையே சான்றாகிவிடுகின்றன.

துன்புற்ற மக்களின் அனுபவம் இலக்கியமாகவும் சினிமாவாகவும் பெருகிவரும் காலம் இது. அவற்றை வகுப்பறையிலே கற்பிக்கும் நாம், படைப்பு மனத்தை உருக்குகிறதா என்பதோடு நின்றுவிடலாகாது. சாட்சி எந்த மொழியிற் பேசினார், அதை எவர் எழுதினார், எதை விட்டார், எதை மாற்றினார், வந்த பணம் எவரிடம் சென்றது என்ற வினாக்களும் இலக்கிய விமர்சனத்துக்கு உட்பட்டவையே. குற்றத்தை ஓர் இனத்தின் குருதியிலே தேடும் படைப்பு எத்துணை கண்ணீரை வரவழைத்தாலும், அடுத்த குற்றத்துக்கான வெறுப்பையும் அக்கண்ணீரோடு சேர்த்தே விதைக்கிறது என்பதை மாணவர் உணர வேண்டும். சிலுவை வரிசையின் அந்தப் பழைய நிழற்படம் எங்கேனும் கண்ணிற்பட்டால், அதன் அடியிலே அரோரா சொன்ன திருத்தத்தையும் சேர்த்து வாசிப்பதே அவருக்கு நாம் செய்யக்கூடிய மரியாதை.